செவக்காட்டூரின் இரண்டாம் மத்தியானம்

மின்சாரம் எடுக்கிற காற்றாடிகள் நிற்கிற மேட்டுக்கும் ஊருக்கும் நடுவில், யாருக்கும் ஆகாமல் கிடந்த புறம்போக்கில், மின்சாரத்தைச் சேமித்து வைக்கிற முப்பத்திரண்டு வெள்ளைப் பெட்டிகளை லாரி லாரியாகக் கொண்டுவந்து இறக்கி, வரிசை பிசகாமல் நிறுத்தி, சுற்றிலும் கம்பிவேலி போட்டு, வைகாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் அவற்றுக்கு முதன்முதலாக மின்சாரம் ஏற்றினார்கள். அன்றைக்குச் சாயங்காலம் சூரியன் மலைக்கு அந்தப்பக்கம் இறங்கி, காக்கைகள் மரத்தில் அடைந்து, வீட்டுக்கு வீடு சுவிட்சைத் தட்டிய ஆறே முக்கால் மணிக்கு, பகலெல்லாம் வாங்கி வைத்ததை அந்தப் பெட்டிகள் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியதும், செவக்காட்டூருக்கு மத்தியானம் திரும்பி வந்தது.

பல்பு வெளிச்சம் இல்லை. அசல் மத்தியானம், பன்னிரண்டரை மணிக்குத் தெருவில் நிற்கிறவன் கண்ணைச் சுருக்கிக்கொள்கிற அதே வெயில், அதே கதகதப்பு, ஓட்டுக் கூரையில் அதே நொறுங்கல் சத்தம். வானத்தில் மட்டும் சூரியன் கிடையாது. ஊரில் உள்ள ஆடு, மாடு, ஆள், மின்கம்பம் எல்லாவற்றின் நிழலும் பெட்டிகள் நின்ற வடக்குக்கு முதுகைக் காட்டித் தெற்கே விழுந்தது. ஊர் எல்லைக் கல்லைத் தாண்டினால் இருட்டு. எல்லைக் கல்லுக்கு இந்தப்பக்கம் பட்டப்பகல். சரியாக இரண்டே கால் மணி நேரம் அடித்துவிட்டு, பெட்டிகள் காலியானதும், ஒன்பது மணிக்கு அது போயிற்று.

முதல் நாள் கொஞ்சம் பேர் வாசலில் நின்று பார்த்தார்கள். இரண்டாம் நாள் வடகம் காயப் போட்டார்கள்.

பெட்டிகள் நின்ற இடத்துக்கு ஊர்க்காரர்கள் பெட்டிக்காடு என்று பெயர் வைத்து, அந்த வெயிலுக்கு இரண்டாம் மத்தியானம் என்று பெயர் வைத்து, பெயர் வைத்த பிறகு அதைப் பற்றி அதிகமாக யோசிக்கவில்லை. பீடி சுற்றுகிற பெண்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தார்கள். கோழிகள் நாலு நாள் தூக்கம் கெட்டுத் திரிந்துவிட்டு, இது நமக்கான பகல் இல்லை என்று முடிவு செய்து, வெயிலிலேயே கண்ணை மூடிக்கொள்ளப் பழகின. பிச்சிக்கொடிகள் மூன்று நாள் மொட்டோடு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, நான்காம் நாள் சமாதானமாகி ஒன்பது மணிக்குப் பூத்தன. பள்ளிவாசல் இமாம் மலைக்குப் பின்னால் இறங்கிய சூரியன்தான் கணக்கு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இசக்கியம்மன் கோயில் பூசாரிதான் சாயங்காலப் பூசையா, உச்சிக்காலப் பூசையா என்று ஒரு வாரம் குழம்பி, கடைசியில் இரண்டையும் செய்துவிட்டு இரண்டு பங்கு பொங்கல் கேட்டார். ஊர் கொடுத்தது. மேலிடத்திலிருந்து கருவிகளோடு வந்த அதிகாரிகள் மூன்று நாள் அளந்து பார்த்து, பெட்டிகள் சொன்னபடி வேலை செய்கின்றன, குறை ஒன்றும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, போகும்போது ஆளுக்கு ஒரு தொப்பி வாங்கிக்கொண்டு போனார்கள்.

பஞ்சாயத்து செய்த காரியம்தான் செவக்காட்டூர்க்காரர்களால் மட்டுமே செய்ய முடிகிற காரியம். ஒன்பது மணிக்கு மேல் இந்த ஊரில் எவன் தெருவில் நடக்கிறான், எதற்குத் தெருவிளக்கு என்று ஒரு கூட்டத்தில் பேசி, கம்பத்து விளக்குகளை எல்லாம் கழற்றிப் பக்கத்து ஊருக்குப் பெருந்தன்மையாகக் கொடுத்துவிட்டார்கள். வாலிபால் களத்தில் இருந்த இரண்டு பெரிய விளக்குகளைத் தலைவர் தன் ஆட்டுத் தொழுவத்தில் மாட்டிக்கொண்டார். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை, இருக்கிற வெளிச்சத்துக்கே கண் கூசியது.

பெட்டிக்காட்டில் சாயங்கால வேலை ஞானசுந்தரிக்கு. டிப்ளமா படித்து, எட்டு வருஷம் துணைமின் நிலையத்தில் இருந்துவிட்டு, சொந்த ஊருக்கே வேலையோடு வந்த பெண். கட்டுப்பாட்டு அறையின் ஜன்னலோரம் இருந்த திரையில் எப்போதும் ஒரு எண் ஓடிக்கொண்டிருக்கும். அது ஐம்பதுக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். நாட்டில் உள்ள அத்தனை மோட்டாரும் அத்தனை விளக்கும் ஒரே நாடியில் துடிக்கின்றன, செகண்டுக்கு ஐம்பது துடிப்பு, அது தடுமாறினால் ஊர் ஊராக இருண்டுகொண்டே போகும் என்று பார்க்க வருகிறவர்களிடம் அவள் சொல்வாள். முன்பெல்லாம் ஆடி மாதம் நடுப்பகலில் கணவாய்க் காற்று பேயாக அடிக்கும்போது, வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் நல்ல காற்றாடிகளைக் கையைக் கட்டி நிறுத்தி வைப்பார்கள். அடுத்த சில மணி நேரத்தில் ஊரெல்லாம் விளக்குப் போடும்போது காற்றும் தணிந்துவிடும், வெயிலும் இருக்காது. பெட்டிகள் வந்த பிறகு ஒரு காற்றாடியும் சும்மா நிற்கவில்லை. "கூடினா வாங்கிக்கிடணும், கொறஞ்சா குடுத்திரணும். அம்புட்டுத்தான் அதுக்குத் தெரிஞ்ச வேல," என்பாள் அவள். சொல்லும்போது பெற்ற பிள்ளையைப் பற்றிச் சொல்கிற பெருமை முகத்தில் இருக்கும், இருக்கத்தானே செய்யும்.

இரண்டாம் மத்தியானத்தால் அந்த ஊரில் எல்லோருக்கும் ஏதோ கொஞ்சம் நன்மை. ஞானசுந்தரியின் கணவர் அருமைநாயகத்துக்கு மட்டும் அது பாதி ஆயுள். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே தையல்கடை வைத்திருக்கும் அவருக்குப் பிறவியிலேயே மாலைக்கண். பகலில் ஊசி கோப்பார். சூரியன் இறங்கிவிட்டால் பக்கத்தில் நிற்பது மனைவியா கம்பமா என்று தெரியாது. மங்கலான பல்பும் உதவாது, பளீரென்ற விளக்கோ கண்ணைக் குத்தி இருக்கிற பார்வையையும் பிடுங்கிக்கொள்ளும். முப்பத்தைந்து வயது வரை, சாயங்காலம் என்றால் யாராவது கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டிய மனுஷன். ஊர்ப் பையன்கள் வேலை முடிந்து வந்து வாலிபால் ஆடத் தொடங்குகிற நேரத்தில் இவர் கடையைப் பூட்டிக்கொண்டு, இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டுமே என்று விறுவிறுவென்று நடப்பார். ஆடக் கூப்பிட்டு அலுத்துப்போய், பிறகு யாரும் கூப்பிடுவதில்லை.

இரண்டாம் மத்தியானம் வந்த ஐந்தாம் நாள், அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு களத்தில் வந்து நின்றார். பந்து மூக்கில் அடித்தது. மறுநாளும் வந்தார். விரல் வீங்கியது, முட்டி தேய்ந்தது, தன்னில் பாதி வயதுப் பையன்களிடம் திட்டு வாங்கினார், எல்லாவற்றுக்கும் சிரித்தார். ஒரு வருஷத்தில் சர்வீஸ் மட்டும் அவருக்குக் கைவந்துவிட்டது. நெட்டை ஒட்டிப் போய்க் கோட்டுக்குள் சரிகிற சர்வீஸ், அதை எடுக்கத் தெரிந்தவர்கள் அந்த வட்டாரத்தில் குறைவு. பெட்டிக்காட்டு வேலியை ஒட்டித்தான் களம். வேலையில் இருந்தபடியே ஞானசுந்தரி ஜன்னல் வழியாகப் பார்ப்பாள், அவர் குதிப்பதும், விழுவதும், எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு யாரும் கை கொடுக்காமல் தானே நடப்பதும். திரையில் ஒரு கண், அவர்மேல் ஒரு கண். சில நாள் காரணமே இல்லாமல் அவளுக்கு அழுகை வரும்.

ஆனால் மறுவருஷம் ஆனியில், திருநெல்வேலிக் கண் டாக்டர் நேராகச் சொல்லிவிட்டார். பார்வை ஓரத்திலிருந்து சுருங்கி வருகிறது, இனிமேல் பகலிலும் குறையும், இன்னும் ஒரு வருஷம் பந்து தெரிந்தால் பெரிது. வீட்டுக்கு வரும் பஸ்ஸை விட்டு அருமைநாயகம் இறங்கும்போதுதான், ஆவணியில் வாலிபால் சுழற்கோப்பைப் போட்டி வருகிறது, அதில் ஆடிவிட வேண்டும் என்றார். அது ஒன்றுதான் அவர் வாழ்க்கையில் கேட்டது.

ஆவணியும் வந்தது. காலிறுதி, அரையிறுதி எல்லாம் தாண்டி, தோட்டவிளை அணிக்கும் செவக்காட்டூருக்கும் கடைசி ஆட்டம் என்று ஆயிற்று. அமாவாசைக்கு முந்தின நாள்; ஆறே முக்காலுக்கு இரண்டாம் மத்தியானம் வந்ததும் விசில் ஊதினார் நடுவராக நின்ற பி.டி. வாத்தியார் தவசிமுத்து. வேலி நெடுக ஊர் நின்றது. தோட்டவிளைக்காரர்கள் இந்த வெயிலைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தாலும் முதல் பத்து நிமிஷம் வானத்தைப் பார்த்துப் பந்தை விட்டார்கள், பிறகு சுதாரித்துக்கொண்டார்கள். ஒரு செட் இவர்களுக்கு, ஒரு செட் அவர்களுக்கு. பதினைந்து புள்ளி கடைசி செட் தொடங்கியபோது மணி ஏழே முக்கால். இன்னும் ஒன்றே கால் மணி நேரத்து வெயில் மிச்சம் இருந்தது, ஆட்டம் முடிய அதில் பாதிகூடத் தேவையில்லை. ஞானசுந்தரி அப்படித்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போது திரையில் எண் சரிந்தது. நாற்பத்தொன்பது புள்ளி எட்டு, ஏழு, ஐந்து. எங்கோ தூரத்தில் புயல் மழையில் பெரிய மின்பாதை ஒன்று அறுந்து, அதோடு ஒரு பெரிய அனல்நிலையமும் நின்றுபோயிருந்தது. அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருவதற்குள், பெட்டிகள் தாமாகவே விழித்துக்கொண்டு, முதல் செகண்டிலேயே தோள்கொடுத்து, விழுகிற எண்ணைத் தாங்கிப் பிடித்துவிட்டன. அதுதான் அவற்றின் அழகு. மனுஷன் திடுக்கிட்டு முடிப்பதற்குள் அவை வேலையில் பாதியை முடித்திருக்கும். மறுநிமிஷம் மின்பகிர்வு மையத்திலிருந்து போன் வந்தது. அணைகளில் தண்ணீரைத் திறந்துவிட்டு நீர்மின்சாரம் வந்து சேரப் பதினெட்டு நிமிஷம் ஆகும், அதுவரைக்கும் தெற்கை நீங்கள்தான் தாங்க வேண்டும், இருப்பில் உள்ளது முழுவதையும் இறக்குங்கள் மேடம் என்றார் அங்கிருந்தவர். பதினெட்டு நிமிஷத்தில் மொத்தத்தையும் கொட்டினால் பெட்டிகளில் ஒரு சொட்டு மிஞ்சாது.

பதினேழாம் பெட்டியில் ஒரு சூடுமானி உண்டு. அது மாதத்துக்கு இரண்டு தடவை பொய்யாகக் கத்தும். சூடு கூடிவிட்டது என்று சொல்லி, நாலைந்து பெட்டியை நிறுத்தி வைத்தேன் என்று எழுதினால் எவரும் மறுவார்த்தை கேட்க மாட்டார்கள். நாலைந்து பெட்டி இருந்தால் போதும், ஆட்டம் முடிகிற வரைக்கும் ஊருக்கு வெயில் இருக்கும். ஞானசுந்தரிக்கு அது தோன்றியது. தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். ஆசுபத்திரிகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிற குறைமாதக் குழந்தைகளையும், பாலத்தின் நடுவில் நின்றுவிடுகிற ரயிலையும் அவள் நினைத்துப் பார்த்தாள்; அதே மூச்சில், பஸ்ஸை விட்டு இறங்கியபோது இருந்த அவர் முகத்தையும் நினைத்துப் பார்த்தாள். கை விசைப்பலகைமேல் இருந்தது. பிறகு எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள்.

"ஏங்க."

களத்தில் அருமைநாயகம் திரும்பினார். ஊரும் திரும்பியது. வேலை நேரத்தில் அவள் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"மொத்தத்தையும் கேக்காங்க. இப்பமே குடுக்கணும்."

அது என்னவென்று செவக்காட்டூரில் எல்லோருக்கும் புரிந்தது. அவர் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் இரண்டடி நடந்து வந்தார்.

"அதுக்கு எங்கிட்ட என்ன கேள்வி? குடு தாயி," என்றார்.

அவள் வந்து உட்கார்ந்து, முப்பத்திரண்டு பெட்டிகளையும் முழு வேகத்தில் திறந்துவிட்டாள்.

அதன்பிறகு நடந்ததைச் செவக்காட்டூர் இன்றைக்கும் பேசுகிறது. ஒன்றே கால் மணி நேரத்துக்கு என்று இருந்த வெயில் பதினெட்டு நிமிஷத்தில் மொத்தமாக இறங்கியது. முதலில் நிழல்கள் கரிக்கோடு போட்டதுபோலக் கறுத்தன, பிறகு சுவர்கள் வெளுத்தன, பிறகு செம்மண் களம் முழுக்கத் தங்கமாகி, காற்றாடி இறக்கைகளின் ஒவ்வொரு ஆணியும் இங்கிருந்து எண்ணலாம் என்கிற மாதிரித் தெரிந்தது. வேலியோரம் நின்ற பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார்கள். ஆட்டக்காரர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஆடினார்கள். அருமைநாயகம் மட்டும் கண்ணை அகலத் திறந்துகொண்டு ஆடினார். மற்ற எந்த விளக்கும் குத்துகிற அவர் கண்ணை அந்த வெயில் குத்தவில்லை, பந்தின் தையல்கூடத் தெரிந்தது என்று பிறகு சொன்னார். ஆடினார் என்றால் அப்படி ஓர் ஆட்டம். எட்டுக்கு நாலு என்று பின்தங்கிக் கிடந்த ஊரைப் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு வரை இழுத்துக்கொண்டு வந்தார். ஞானசுந்தரி திரையையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தாள். இருப்பு நாற்பது சதவீதம், முப்பது, பதினைந்து. எண் நாற்பத்தொன்பது புள்ளி ஏழு, எட்டு, ஒன்பது. இரண்டையும் பார்க்க அவளுக்கு இரண்டு கண் போதவில்லை.

தோட்டவிளை பதினான்கு, செவக்காட்டூர் பதிமூன்று. அருமைநாயகத்தின் சர்வீஸ். அவர் கோட்டுக்குப் பின்னால் போய் நின்று பந்தைத் தூக்கிப்போடப் போன அந்த நொடியில் பெட்டிகள் காலியாயின.

இருட்டு என்றால் அமாவாசைக்கு முந்தின இருட்டு. தெருவிளக்கு பக்கத்து ஊரில் இருந்தது, களத்து விளக்கு ஆட்டுத் தொழுவத்தில் இருந்தது. தெற்கே எல்லா ஊரிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, செவக்காட்டூர் வீடுகளுக்குள்ளும் எரிந்தது, இந்த ஒரு களத்தில்தான் ஒன்றும் இல்லை. போன் மறுபடி அடித்தது. நீர்மின்சாரம் வந்துவிட்டது, ஐம்பது நின்றுவிட்டது, ஓர் ஊர்கூட அணையவில்லை, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை மேடம் என்றார் அந்த மனிதர். பரவாயில்லை சார் என்று சொல்லி வைத்துவிட்டு, அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கீழே யாரோ நாலு பைக்கைக் கொண்டுவந்து நிறுத்தி முன்விளக்கைப் போட்டார்கள். அருமைநாயகம் முகத்தைப் பொத்திக்கொண்டார். ஆள் மாற்றச் சொல்லலாமே என்று பி.டி. வாத்தியார் தயங்கித் தயங்கிச் சொன்னார். நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னார்; நாளைக்குத் தோட்டவிளைக்காரர்கள் கடலுக்குப் போகிறவர்கள், வர மாட்டார்கள். நாளை என்று சொன்னவருக்கும் அது தெரியும்.

"அந்த லைட்டை அணைங்க டே," என்றார் அருமைநாயகம். "இருட்டு எனக்குப் பழக்கந்தான்."

யாரும் அணைக்கவில்லை. பிறகு தோட்டவிளை அணித்தலைவன் கிங்ஸ்லி, வலது பக்கம் நின்ற பைக்கிடம் தானே நடந்துபோய்ச் சாவியைத் திருப்பினான். மற்ற மூன்றும் ஒவ்வொன்றாக அணைந்தன. தோட்டவிளைக்காரர்கள் ஆறு பேரும் தங்கள் இடத்துக்குப் போய், முட்டியை மடக்கி, கையைக் கோத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத இருட்டைப் பார்த்து நின்றார்கள்.

விசில் கேட்டது. பந்தில் கை விழுந்த சத்தம் கேட்டது. நெட்டைத் தொடவில்லை, எவருடைய கையையும் தொடவில்லை. அந்தப் பக்கம் எங்கோ மண்ணில் விழுந்தது. காற்றாடிகள் சுற்றிக்கொண்டிருந்த இரைச்சலில் அது எங்கே விழுந்தது என்று யாருக்கும் பிடிபடவில்லை. ஊரில் பாதி உள்ளே என்றது, தோட்டவிளையில் பாதி வெளியே என்றது. பந்து உருண்டு எங்கேயோ போய்விட்டிருந்தது.

பி.டி. வாத்தியாருக்கு வேறு வழி இல்லை. முப்பது வருஷம் இருட்டில் காதை வைத்தே ஆளையும் இடத்தையும் அறிந்த மனுஷன் அந்தக் களத்தில் ஒருவர்தான்.

"அருமைநாயகம், நீ சொல்லு. உன் காதுக்கு எப்படி இருந்துச்சு? நீ சொன்னா சரிதான்."

தோட்டவிளைப் பக்கத்திலிருந்தும், ஆமாம், அண்ணாச்சி சொல்லட்டும் என்று கிங்ஸ்லியின் குரல் கேட்டது. உள்ளே என்றால் பதினான்குக்குப் பதினான்கு, ஆட்டம் நீளும், இருட்டில் அவர் சர்வீஸை எடுக்க எவனாலும் முடியாது, கோப்பை வீட்டுக்கு வந்த மாதிரிதான். ஞானசுந்தரி கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். உள்ளே என்று சொல்லட்டும் என்று அவள் மனசு கெஞ்சியது. இன்றைக்குக் கொடுக்க வேண்டியதை எல்லாம் கொடுத்தாயிற்று, இந்த ஒன்றை அவருக்கு விட்டுவிடக் கூடாதா என்று யாரிடமோ கேட்டது.

களத்து மண்ணைக் கையால் ஒருதரம் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

"கெட்டி மண்ணுல விழல சார். கோட்டுக்கு அங்கிட்டு, பொதபொதன்னு கெடக்குற மண்ணுல விழுந்திச்சு," என்றார் அவர். "வெளியதான்."

தோற்றுப்போன ஊர் கைதட்டியது. இருட்டில் யார் தட்டுகிறார்கள் என்று தெரியவில்லை, தோட்டவிளைக்காரர்களும்தான் தட்டியிருக்க வேண்டும், அத்தனை சத்தம். ஞானசுந்தரி அறையைப் பூட்டாமலே படி இறங்கி, வேலிக் கதவைத் திறந்துகொண்டு, முகம் தெரியாத கூட்டத்துக்குள் புகுந்து அவரைத் தேடிப் போனாள். எங்கே நிற்கிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் வருகிற செருப்புச் சத்தத்தை வைத்து அவர்தான் முதலில் அவள் கையைப் பிடித்தார்.